நடந்து பார்க்க ஓர் ஏற்காடு

சேலம் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரச் சோதனைச் சாவடியை எட்டும் வரை சமவெளியின் சூடு கூடவே வரும். அதன் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காற்று கொஞ்சம் மாறும், மரங்கள் மாறும். மேலே ஏறி முடித்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்றேதான். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் பத்து நிமிடம், பகோடா பாயிண்டில் பத்து நிமிடம், சேர்வராயன் கோயிலில் ஒரு கும்பிடு, வழியில் மிளகாய் பஜ்ஜி, சாயங்காலம் இறக்கம். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் காரிலேயே போகிறார்கள். ஊர் திரும்பியதும் "ஏற்காட்டில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்பவர்களும் உண்டு.

ஏற்காட்டில் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பாதி இந்த இடங்களுக்கு நடுவே உள்ள சாலைகளில் இருக்கிறது. காப்பித் தோட்டத்து வேலி, கல்லறைத் தோட்டம், பாறை முகடு, மலைக் கிராமத்துக் கோயில் என்று எல்லாமே நின்று பார்க்க வேண்டியவை. அவற்றைப் பார்க்க நடப்பதுதான் வழி.

உலகம் முழுக்கப் பயணிகள் பழைய ஊர்களை நடந்துதான் பார்க்கிறார்கள். செக் நாட்டின் தலைநகரான பிராக், வுல்டாவா ஆற்றின் இரு கரையிலும் விரிந்த ஊர். அங்கே 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் இன்று வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக் கோட்டைக்கு மக்கள் நடந்தே போகிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் 1962-இல் தன் முக்கியக் கடைவீதியை நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கியது. நம் பக்கத்திலும் மயிலாப்பூர் மாட வீதிகளையும் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியையும் வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பிராகின் நடுவே ஆறு ஓடுவதுபோல ஏற்காட்டின் நடுவே ஏரி இருக்கிறது. பார்க்க வேண்டிய பலவும் அந்த ஏரியிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

ஏரியிலிருந்து தொடங்கலாம்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. கோடையிலும் வெயில் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் கூட்டம் இருக்காது. படகுத் துறை திறந்திருக்காது, பஜ்ஜிக் கடைகளில் அடுப்பும் பற்றியிருக்காது. தண்ணீர் மேல் பனிமூட்டம் மெல்லக் கலைவதை அப்போதுதான் பார்க்க முடியும். பக்கத்திலேயே அண்ணா பூங்கா. மே மாதக் கோடை விழாவின் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான்.

ஏரி நிரம்பினால் உபரி நீர் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரியிலிருந்து அருவிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். கடைசிப் பகுதி செங்குத்தான இறக்கம். நல்ல மழை பெய்த பிறகு போனால்தான் அருவியை அருவியாகப் பார்க்கலாம், கோடையில் வெறும் பாறைதான் மிஞ்சும். மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ இல்லாமல் இறங்கக் கூடாது.

ஏரிக்கும் அருவிக்கும் உள்ள இந்தத் தொடர்பு நடந்து போகும்போது கண்ணுக்கே தெரியும். ஏரிக்கரையில் வீசும் பிளாஸ்டிக் பாட்டில் அடுத்த பெருமழையில் எங்கே போய்ச் சேரும் என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

கலெக்டர் கொண்டுவந்த காப்பி

ஏற்காட்டின் எந்தச் சாலையில் நடந்தாலும் ஓரத்தில் காப்பிச் செடி இருக்கும். அதற்கு மேலே சில்வர் ஓக் மரம், மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி. தரையில் ஒரு பயிர், நிழலுக்கு ஒரு மரம், மரத்தண்டில் இன்னொரு பயிர் என்று ஒரே நிலத்தில் மூன்றடுக்கு விவசாயம். வெயில் நேராகப் பட்டால் அராபிகா காப்பிச் செடி வாடிவிடும். மலைச்சரிவில் மண் அரித்துப் போகாமலும் மரங்களின் வேர்தான் காக்கிறது.

இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் எம். டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்தவர். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். பேரிக்காய், ஆப்பிள் போன்ற பழ மரங்களையும் வளர்த்துப் பார்த்தார். அவர் தொடங்கிய கிரேஞ்ச் எஸ்டேட்தான் இங்குள்ள தோட்டங்களில் மிகப் பழையது. ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வதும் அதனால்தான். அவரைப் பின்தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தார்கள், பங்களாக்கள் எழுந்தன, பிறகு தேவாலயங்களும் பள்ளிகளும் வந்தன.

காப்பியை நெருங்கிப் பார்க்க இரண்டு பருவங்கள் நல்லவை. முதலாவது மார்ச், ஏப்ரல். வறண்டு கிடக்கும் செடிகளின் மொட்டுகள் முதல் கோடை மழைக்காகக் காத்திருக்கும். நல்ல மழை ஒன்று பெய்து ஏறக்குறைய பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கிளையின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளைப் பூக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாசனை மல்லிகையை நினைவூட்டும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுப் போகிறவர்களுக்கு இந்த வாசனை கிடைக்காது.

இரண்டாவது பருவம் நவம்பர் முதல் ஜனவரி வரை. பழம் சிவந்து அறுவடை நடக்கும் காலம். ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவப்புப் பழமும் இருக்கும். பறிக்கிறவர்கள் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். பழத்தை எந்திரத்தில் தோல் உரித்து, கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பிசின் நீங்கும் வரை புளிக்கவைத்து, கழுவி, களத்தில் காயப் போடுவது ஒரு முறை. பழத்தை அப்படியே தோலோடு உலர்த்துவது இன்னொரு முறை. பல இடங்களில் சாலையிலிருந்தே காயும் களங்களைப் பார்க்கலாம். தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தம் என்பதால் அனுமதி கேட்காமல் வேலியைத் தாண்டக் கூடாது. மரியாதையாகக் கேட்டால் நின்று விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் மலையில் இருக்கிறார்கள்.

கல் கோடரி கண்டவரின் நினைவிடம்

ஏற்காட்டுக்கு வரும் வண்டிகள் அதிகம் நிற்காத ஓர் இடம் ஹோலி டிரினிட்டி தேவாலயம். இந்திய வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் அங்கே நிற்க வேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்ட இடம் அது.

இங்கிலாந்தில் 1834-இல் பிறந்த ஃபுட், 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30-ஆம் தேதி சென்னைப் பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லைக் கண்டார். பழைய கற்கால மனிதர்கள் இந்தியாவில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அறிவியல் முறையில் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அதே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் அகழாய்வு நடத்தி, அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் தொல்பழங்காலம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஃபுட்டின் பெயர் வந்தே தீரும்.

1891-இல் பணி ஓய்வு பெற்ற பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் உழைத்த ஃபுட், வாழ்வின் பிற்பகுதிக்கு ஏற்காட்டைத் தேர்ந்துகொண்டார். இந்த மலைச்சரிவுகளிலும் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் அவருக்குக் கிடைத்தன. மலைவாழ் மக்களின் சிறு கோயில்களில் அப்படிப்பட்ட கற்களைச் சாமியாக வைத்துக் கும்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளின் தொகுப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார். அஸ்தி மட்டும் ஏற்காட்டுக்குத் திரும்பி வந்தது.

ஃபுட்டின் மாமனாரும் தமிழர்கள் மறக்கக் கூடாதவர். பீட்டர் பெர்சிவல் 1826-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி. பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு உறுதுணையாக நின்றவர் இளம் ஆறுமுக நாவலர். பின்னாளில் சென்னைக்கு வந்த பெர்சிவல் 1855-இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் சங்க நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அதன் ஆசிரியராக இருந்தார். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில விளக்கத்தோடு நூலாக்கியவரும் பெர்சிவல்தான். 1882-இல் அவர் உயிர் பிரிந்தது ஏற்காட்டில்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பணியும் பல்லாவரத்துக் கற்காலமும் இந்தச் சிறிய மலை ஊரில் வந்து சேர்கின்றன. இத்தனை பெரிய கதைக்கு இங்கே தக்க அறிவிப்பு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் படகுத் துறையில் செலவிடும் நேரத்தில் ஒரு கால் மணியை இங்கே ஒதுக்கினால், பாடப் புத்தகத்தில் வரும் பெயருக்கு ஓர் இடம் கிடைக்கும்.

ஊருக்குள் பழைய கல்விக்கூடங்களும் உண்டு. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி அவற்றில் புகழ்பெற்றது. நடிகர் விக்ரம், எழுத்தாளரும் அரசியல்வாதியுமான சசி தரூர் எனப் பலர் படித்த இடம். பள்ளி வளாகத்துக்குள் முன் அனுமதியோடுதான் போக முடியும் என்றாலும், சுற்றியுள்ள மர நிழல் சாலை எல்லோருக்கும் பொது.

முனையில் நின்றால் தெரிவது

ஊரின் தென்மேற்கு ஓரத்தில் மலை சட்டென்று முடிகிறது. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று வெள்ளைக்காரர் காலத்தில் பெயர் பெற்ற பாறை முனைகள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கீழே மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்குவதும் சேலம் நகரமும் தெரியும். வானம் தெளிந்த நாளில் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கமும் மினுக்கும். பலரும் ஒரு செல்ஃபியோடு திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் நின்றால் இந்த நிலத்தின் கதையே கண்ணெதிரே இருக்கும்.

கீழே சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் மண்மேடுகள் மேக்னசைட் சுரங்கங்கள். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லுக்கு மேக்னசைட் வேண்டும். கடும் வெப்பத்தைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. காலடியில் இருக்கும் கருமை கலந்த பாறையோ முற்றிலும் வேறு. அது சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை. அதையொட்டிப் பெயரிட்ட புவியியலாளர் டி. எச். ஹாலந்து இந்தப் பாறைக் குடும்பத்தை 1900-இல் விரிவாக விளக்கினார். சேர்வராயன் மலை அந்தப் பாறையால் ஆனது.

இதே சார்னோகைட் மலையுச்சியில் வேறு வடிவம் எடுக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை நீர் ஊறி ஊறி, கரையக்கூடிய தாதுக்கள் கழுவிப் போய்விட, அலுமினியம் மிகுந்த செம்மண் பாறை மட்டும் மிஞ்சும். அதுதான் பாக்சைட். மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து பல ஆண்டுகள் பாக்சைட்டை வெட்டி எடுத்துப் போனார்கள். சேர்வராயன் கோயிலைச் சுற்றிய மேட்டுநிலத்தில் நடக்கும்போது செருப்பில் ஒட்டும் சிவந்த மண்ணைப் பார்த்தால் இந்த வரலாறு புரியும்.

கிழக்குப் பக்கம் உள்ள பகோடா பாயிண்டில் கற்களை அடுக்கிய கூம்புகள் நிற்கின்றன. மலைவாழ் மக்கள் அடுக்கியவை என்பார்கள். அருகே ஒரு ராமர் கோயில். கீழே காகம்பாடி கிராமத்து வீடுகள் தீப்பெட்டிகளைப் போலத் தெரியும்.

மரத்தில் தொங்கும் வேர்கள்

நடந்து களைத்தவர்கள் உட்கார நல்ல இடம் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம். 1963-இல் அமைந்தது. தென்னிந்தியக் காடுகளின் ஆர்க்கிட் வகைகளைப் பாதுகாத்து வளர்ப்பது இதன் வேலை.

ஆர்க்கிடைப் பூவுக்காகப் பார்ப்பவர்கள் ஒரு முறை அதன் வேரைப் பார்க்க வேண்டும். பல ஆர்க்கிடுகள் மண்ணில் முளைப்பதில்லை, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. மரத்திலிருந்து உணவு எடுப்பதில்லை, இடம் மட்டும்தான் கேட்கின்றன. காற்றில் தொங்கும் வேர்களின் மேல் சாம்பல் வெண்மையில் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும். மழைத் துளியும் பனி ஈரமும் பட்டவுடன் அது உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த வேரில் உள்ளேயிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும், காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். பனிமூட்டமுள்ள மலைகளில் இந்தச் செடிகள் செழிப்பது இதனால்தான்.

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடியும் தோட்டத்தில் இருக்கிறது. தட்டினால் மணியோசை எழுப்பும் பாறை ஒன்றும் உண்டு, குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற தாவரமும் சேர்வராயன் மலைக்கு உரியது.

மலைக்கு உரியவர்கள்

கலெக்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே மக்கள் இருந்தார்கள். மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம்.

அவர்களின் தெய்வம் சேர்வராயன். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில், சுமார் 5,300 அடி உயரத்து மேட்டில், குகைக்குள் இருக்கிறது கோயில். தலை தாழ்த்திக் குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பது நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள். மேட்டில் மரங்கள் குறைவு, காற்று பலமாக அடிக்கும், நாலா பக்கமும் மலைத்தொடர் தெரியும். ஊரிலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறும் முன் இங்கே வந்துவிடலாம்.

இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்கள் சுமார் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி போன்ற மலை ஊர்ப் பக்கம் போனால் சுற்றுலாக் கடைகள் குறைந்துவிடும். பலாவும் கொய்யாவும் ஆரஞ்சும் அந்தந்தப் பருவத்தில் வீட்டு வாசலில் விற்பனைக்கு இருக்கும்.

நடப்பவருக்கு என்ன வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்துகள் நாள் முழுவதும் உண்டு. ஏரிக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம் என்பதால் நடக்க வருபவருக்குக் கார் தேவையே இல்லை. மழைக் கோட்டு, தண்ணீர், தொப்பி போதும். காட்டெருமைகள் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் மேய வரும். அவற்றைக் கண்டால் நெருங்காமல், படம் எடுக்கக் குறுக்கே போகாமல், அவை நகரும் வரை தள்ளி நிற்க வேண்டும். மாலையில் பனிமூட்டம் சட்டென்று இறங்கும், எதிரே வரும் வண்டிக்கு நடப்பவர் தெரிய மாட்டார். அதனால் ஐந்து மணிக்குள் ஊருக்குத் திரும்பிவிடுவது நல்லது.

நடப்பவருக்காக அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. மலைச் சாலைகள் குறுகலானவை, பல இடங்களில் நடைபாதை கிடையாது. விடுமுறை நாட்களில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்க இடமில்லாமல் தாய்மார்கள் தவிக்கிறார்கள். கோடை விழா நாட்களில் சேலம் சாலையில் ஏறி குப்பனூர் சாலையில் இறங்கும் ஒருவழி முறையைக் காவல் துறை கடைப்பிடிக்கிறது. அதே அக்கறையோடு ஏரியைச் சுற்றிய சாலையை வார இறுதிக் காலைகளில் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடிப் பார்க்கலாம். ஃபுட்டின் நினைவிடம், பழைய தோட்டங்கள், பாறை முனைகள், கிராமக் கோயில்கள் ஆகியவற்றைக் காட்டும் ஒரு தமிழ் வரைபடத்தைப் பேருந்து நிலையத்தில் வைக்கலாம். மலையாளி இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, மயிலாப்பூரில் நடப்பது போன்ற வழிகாட்டி நடைகளை அவர்களே நடத்த ஏற்பாடு செய்யலாம். மலையைப் பார்க்க வருபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, மலையைத் தலைமுறைகளாக அறிந்தவர்களின் கைக்கு நேராகப் போய்ச் சேர இது நல்ல வழி. இதற்குப் புதிய கட்டடமோ பெரிய திட்டமோ வேண்டாம். அடுத்த கோடை விழாவுக்குள்ளேயே தொடங்கிவிடலாம்.